வீட்டில் படகு பேட்டரி சார்ஜ் போடும்போது வரும் கோளாறுகள்: மலைவீடுகளுக்கான வழிமுறை

ஊட்டியில் வயரிங் வேலையும் பேட்டரி வேலையும் சேர்த்துப் பார்க்கிறேன். மோட்டார் படகு ஓட்டும் சிலர் சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுக் காலையில் எடுத்துப் போவார்கள். ஏப்ரல், மே சீசனில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தப் பேட்டரிகளைப் பற்றித்தான். புகாரும் ஏழெட்டு விதம்தான். திரும்பத் திரும்ப அதேதான். அவற்றை ஆட்கள் சொல்லும் வார்த்தையிலேயே தலைப்பாக வைத்து எழுதுகிறேன். வீட்டில் இன்வெர்ட்டரோ ஜீப் பேட்டரியோ வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். கொடைக்கானல், கோத்தகிரி வீடுகளும் இதே குளிர், இதே பாறை மண் என்பதால் அங்கேயும் இதே கதைதான்.

இங்கே சொல்வது தண்ணீர் ஊற்றும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு. லித்தியத்துக்குத் தனியாக ஒரு இடத்தில் சொல்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும்

சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிவிட்டுத்தான் கிளிப்பில் கை வைக்க வேண்டும். மாட்டும்போது சிவப்பு பிளஸ்ஸில், அடுத்து கறுப்பு மைனஸில், கடைசியாகச் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச், பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு. நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறியதால் வந்தவை. மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றி வையுங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு பொட்டலம் ஆப்ப சோடாவும் இருக்கட்டும். ஆசிட் சிந்தினால் சோடாவைத் தூவி, நுரை அடங்கியதும் கழுவிவிடலாம். கண்ணில் பட்டால் சோடா கூடாது. கசக்காமல், வெறும் தண்ணீரால் 20 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"ரூமெல்லாம் அழுகின முட்டை நாத்தம், பேட்டரி கொதிக்குது"

இருப்பதிலேயே அவசரமானது இது. அதனால் முதலில் வைக்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது: அந்த அறையில் எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்காதீர்கள், கிளிப்பை இழுக்காதீர்கள். அறைக்கு வெளியே இருக்கும் மெயினை இறக்குங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அரை மணி நேரமாவது கழியட்டும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரியாமல் போனால் வாயு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்; அந்த வாயுவை முகர்ந்தால் மூக்கு மரத்துப் போகும். சமையல் கேஸ் கசிந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி நாறும் என்பதால் சிலிண்டரையும் ஒருமுறை பாருங்கள்.

நாற்றம் அடிக்கும் வாயு ஒன்று. நாற்றமே இல்லாமல் கூடவே வருவது ஹைட்ரஜன். அதுதான் வெடிக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். காந்தல் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தை தொட்டுவிடும் என்று மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் பேட்டரியை வைத்து, கதவையும் சாத்திச் சார்ஜ் போட்டிருந்தார் அந்த அண்ணன். விடியற்காலையில் கதவைத் திறந்து, சுவிட்சை அணைக்காமலேயே கிளிப்பை இழுத்தார். படீரென்று பேட்டரியின் மேல்மூடி பிளந்து சுவரில் அடித்தது. முகத்தைத் திருப்பியிருந்ததால் கண் தப்பியது. சட்டை முழுக்கச் சல்லடை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். பேட்டரி நிறைந்த பிறகும் 5 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் ஹைட்ரஜன் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டடி உள்ள அலமாரியின் கொள்ளளவு 200 லிட்டர் சொச்சம். அதில் 4 சதவீதம் என்பது எட்டு, ஒன்பது லிட்டர். முக்கால் மணி நேரம் போதும். அவர் ராத்திரி முழுக்க விட்டிருந்தார்.

நம் ஊரில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் குளிர்தான். ஜன்னலை இறுக்கிச் சாத்தி, இடுக்கில் துணி திணித்து, அறைக்குள் கணப்பு வைத்துத் தூங்குகிறோம். ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது, மேலே போய் மரச் சீலிங்குக்குக் கீழே தங்கும். மூடிய அறையில் கரிக் கணப்பு வைப்பதே உயிர்ச்சேதம் தரும் பழக்கம். அதே அறையில் பேட்டரியும் சார்ஜில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரிக்கு வராந்தாவோ, மேலேயும் கீழேயும் காற்று போகும் ஷெட்டோதான் இடம். படுக்கையறையில், குழந்தை படுக்கும் இடத்தில், பூஜை விளக்கு எரியும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆறிய பிறகு காரணத்தைத் தேடலாம்.

நேரம் அதிகமா? முள் மீட்டர் வைத்த பழைய இரும்புப் பெட்டி சார்ஜர் தானாக நிற்காது. 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி பாதி இறங்கியிருந்தால், 10 ஆம்பியரில் ஆறேழு மணி நேரம் போதும். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுக் காலை எட்டுக்கு எடுத்தால் மீதி நேரமெல்லாம் வாயுதான்.

தண்ணீர் குறைந்திருக்கிறதா? உள்ளே இருக்கும் ஈயப் பிளேட் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, சார்ஜ் முடிந்த பிறகு குறி வரை நிரப்புங்கள். சுனைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று ஊற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அதில் கரைந்திருக்கும் இரும்பும் சுண்ணாம்பும் பேட்டரியைக் கெடுக்கும். ஆசிட்டை நீங்களாக ஊற்றவே கூடாது.

சார்ஜரில் 12/24 சுவிட்ச் இருந்தால் அது 24-க்குத் தள்ளப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

தானியங்கி சார்ஜர் என்றால், சார்ஜ் முடியும் தறுவாயில் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 14.4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கடும் குளிரில் 15 வரை போவது சில சார்ஜர்களுக்கு இயல்பு. 15.5-ஐத் தாண்டினால், சார்ஜை நிறுத்தும் கட்டாஃப் போய்விட்டது. சார்ஜரைக் கடையில் கொடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு மூடிப் பக்கம் மட்டும் சூடாகிறது, நாலைந்து மணி நேரம் சும்மா வைத்துப் பார்த்தால் 10.5 வோல்ட்தான் காட்டுகிறது என்றால், ஆறு செல்லில் ஒன்று ஷார்ட். அந்தப் பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தாலும், ஓட்டில் விரிசல் இருந்தாலும் அப்படித்தான். மாற்றும்போது பழையதை வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஓடையோரம் போட்டால் ஈயம் அதே தண்ணீரில்தான் கலக்கும்.

"சார்ஜர் பாடியைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது"

லேசாகத்தான் இழுக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வராந்தா தரை பனியில் நனைந்திருக்கும்போது, வெறுங்காலில் நின்று அதே பெட்டியைத் தொட்டால் அது லேசாக இருக்காது.

முதலில் பிளக். சார்ஜரின் மூன்று பின்னில் பெரிய பின்னை உடைத்தோ, இரண்டு பின் பிளக் மாற்றியோ வைத்திருக்கிறார்களா? எர்த் இல்லாமல் ஓடும் தானியங்கி சார்ஜரின் இரும்பு உடம்பில் இயல்பாகவே ஒரு கசிவு இருக்கும். மூன்று பின் பிளக்கை எர்த் உள்ள சாக்கெட்டில் மாட்டினால் அது நின்றுவிட வேண்டும்.

அடுத்து சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும். விலை குறைந்த பெட்டிகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் வயர் உள்ளே இருக்காது. சார்ஜரை நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். இழுப்பது நின்றால் குற்றவாளி பெட்டிதான்.

அப்படியும் இழுத்தால் வீட்டு எர்த்தைச் சந்தேகப்பட வேண்டும். மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவர்கள் சாக்கெட்டில் பார்க்கலாம்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 அளவில் இருக்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் அதே அளவு வர வேண்டும். நூறு, நூற்றைம்பது என்று அலைந்தால் எர்த் அறுந்திருக்கிறது. பழக்கம் இல்லாதவர்கள் சாக்கெட்டுக்குள் எதையும் நுழைக்க வேண்டாம். டெஸ்டர் பல்பு இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது.

மலையில் எர்த் பற்றி நான் எல்லோரிடமும் மல்லுக்கு நிற்பேன். நாலடி தோண்டினால் பாறை. அத்தோடு நிறுத்தி, குழாயை வெட்டிச் செருகி மூடிவிடுகிறார்கள். ஜனவரியிலிருந்து மழை வரும்வரை அந்த மண் காய்ந்து கிடக்கும். அளந்து பார்த்தால் 40 ஓம் காட்டும் குழிகளைப் பார்த்திருக்கிறேன். 230 வோல்ட் அதன் வழியே போனால் 6 ஆம்பியர்கூட ஓடாது. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்தான் எம்சிபி; 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு அசையவே அசையாது. சார்ஜர் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தாலே விழும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் பேட்டரி சார்ஜ் போடாதீர்கள் என்கிறேன். எர்த் சுமாராக இருந்தாலும் அது விழுந்து காப்பாற்றும். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

எர்த் அறுந்திருந்தாலோ, ஆர்சிசிபி இல்லாவிட்டாலோ லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பாறையில் ஒரே குழியில் ஆழம் கிடைக்காவிட்டால், தள்ளித்தள்ளி இரண்டு மூன்று குழி போட்டு இணைக்கலாம். தண்ணீர்க் குழாயில் எர்த் வயரைச் சுற்றுவது மட்டும் வேண்டாம். அந்தக் குழாயைத் தொடும் எல்லோருக்கும் அது ஆபத்து.

யாராவது கரண்ட்டில் மாட்டிக்கொண்டால் ஆளைத் தொடாமல் மெயினை இறக்குங்கள். மெயின் எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

"சார்ஜ் போட்டா டிரிப்பர் விழுந்துடுது"

டிரிப்பர் என்று ஆட்கள் சொல்வது ஆர்சிசிபி அல்லது எம்சிபி-யைத்தான். எப்போது விழுகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

பேட்டரியே மாட்டாமல், பிளக்கைச் சொருகிய உடனே விழுந்தால்: முதலில் ஈரம். ஜூலை, ஆகஸ்ட் சாரலில் வராந்தாவில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் பூஞ்சையே பூத்திருக்கும். வேறு காய்ந்த சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் சார்ஜரின் மெயின் வயரைத் தலையிலிருந்து வால் வரை பாருங்கள். எலி கடித்தது, கதவிடுக்கில் நசுங்கியது எல்லாம் உண்டு. வயர் நன்றாக இருந்தால் கோளாறு சார்ஜருக்குள். திறக்காதீர்கள்.

பேட்டரியில் கிளிப் மாட்டிய பிறகு மட்டும் விழுந்தால்: இதைக் கவனமாகப் படியுங்கள். நல்ல சார்ஜரில் 230 வோல்ட் பக்கத்துக்கும் பேட்டரி பக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஈரத் தரையில் வைத்த பேட்டரியை இணைத்ததும் டிரிப்பர் விழுகிறது என்றால், உள்ளே இன்சுலேஷன் போய், மெயின் கரண்ட் பேட்டரி முனை வரை வந்திருக்கலாம். அந்தச் சார்ஜரைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஆர்சிசிபி-யைத் தாண்டி நேராக வயர் கொடுங்கள் என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். செய்ததில்லை. செய்து தருகிறேன் என்று வேறு யாராவது வந்தாலும் செய்ய விடாதீர்கள்.

ஹீட்டர் அல்லது கீசர் போடும்போது மட்டும் எம்சிபி விழுந்தால் அது வெறும் ஓவர்லோடு. சார்ஜருக்குச் சம்பந்தமில்லை.

"பிளக் கருகுது, தீஞ்ச வாசனை"

12 வோல்ட் 20 ஆம்பியர் சார்ஜர்கூடச் சுவரிலிருந்து இழுப்பது 2 ஆம்பியரை ஒட்டித்தான். அது தனியாகப் பிளக்கைக் கருக்காது. அதே பெட்டியில் 2000 வாட் ரூம் ஹீட்டரும் இருக்கும். அது ஒன்றே 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் இரண்டையும் சொருகினால் கருகத்தான் செய்யும். ஹீட்டருக்குத் தனி 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டிய சுருளாகவே விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள். பிளக் தொளதொளவென்று ஆடினால் சாக்கெட்டை மாற்றுங்கள், நூறு இருநூறு ரூபாய் வேலை. சுவருக்குள் வயரே கருகியிருந்தால் எலக்ட்ரீஷியன்.

சுவர்ப்பக்கம் குளிர்ந்திருந்து பேட்டரி கிளிப் மட்டும் சுட்டால், பேட்டரி முனையில் உப்புப் பூத்திருக்கிறது. பிளக்கை உருவிக் கிளிப்பைக் கழற்றி, வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். செல்லுக்குள் சோடா ஒரு சொட்டும் போகக் கூடாது, மூடிகள் இறுக்கியிருக்கட்டும். காய்ந்ததும் முனையில் வாசலின்.

"கிளிப் மாட்டும்போது பொறி பறக்குது"

சுவிட்ச் அணைந்திருந்தால் பொறி வராது, வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். பெரிய பொறி வந்தால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. படகில் பலமுறை கழற்றி மாட்டிய பேட்டரிகளில் குறி அழிந்திருக்கும், சிவப்பு டேப் சுற்றிய வயரே தப்பாக இருக்கும். மீட்டரில் பார்த்து, பெயின்ட்டால் குறி போட்டு வையுங்கள். ஒருமுறை மாற்றி மாட்டிவிட்டால் சார்ஜரின் பியூஸ் போயிருக்கும். அதே அளவு பியூஸ் போடுங்கள், கம்பி சுற்றாதீர்கள். புதுப் பியூஸும் போனால் கடைக்கு.

"ராத்திரி முழுக்கப் போட்டும் சார்ஜ் நிக்கல"

தலைகுந்தா, எமரால்டு பக்கம் டிசம்பரில் இந்தப் புகார் அதிகம். பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்க வருபவர்களில் சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

குளிர்ந்த பேட்டரி சார்ஜை ஏற்றுக்கொள்ள மறுக்கும். வெயில் ஊருக்காக அமைத்த சார்ஜர் 14.4 வந்ததும் நிறைந்தது என்று பச்சை விளக்கைக் காட்டிவிடும். 5 டிகிரி குளிரில் அதற்கு இன்னும் அரை வோல்ட் வரை கூடுதலாக வேண்டும். அதனால் முதல் மருந்து காசில்லாதது: ராத்திரிக்குப் பதில் பகல் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, வெளிச்சம் வரும் வராந்தாவில் சார்ஜ் போடுங்கள். பகலில் படகு ஓட வேண்டும் என்பவர்கள் இரண்டு பேட்டரி வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. புதிதாகச் சார்ஜர் வாங்குகிறவர்கள் வெப்பத்தைப் பார்த்து வோல்ட்டை மாற்றும் சார்ஜராக வாங்குங்கள். ஏரியிலிருந்து வந்த ஜில்லென்ற பேட்டரியை அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டாம்.

சார்ஜ் எடுத்து நாலைந்து மணி நேரம் கழித்து மீட்டர் வையுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் முழுசு. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் காலி. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்திருந்தால் எல்லாச் செல்லும் 1.265-ஐ ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். அந்த எண் 27 டிகிரிக்கானது. 7 டிகிரிக் குளிரில் ஆசிட் கெட்டிப்படுவதால் மீட்டர் 0.014 கூட்டிக் காட்டும், கழித்துக்கொள்ளுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 இறங்கி நின்றால் அந்தச் செல் போய்க்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் அரைகுறைச் சார்ஜில் கிடந்த பேட்டரியில் பிளேட் வெளுத்துவிடும். பேட்டரிக்காரரிடம் கொடுத்தால் குறைந்த கரண்ட்டில் நாள் கணக்கில் போட்டுப் பார்ப்பார். சில திரும்பும், பல திரும்பாது.

லித்தியம் பேட்டரி என்றால்: அதற்கென்று கொடுத்த சார்ஜர் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். உறைபனி விழுந்த காலையில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போட்டால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுப்போகும். நல்ல பேட்டரியில் உள்ள காவல் சர்க்யூட் அதைத் தடுத்துச் சார்ஜ் ஏறாமல் நிறுத்தும். அது கோளாறு இல்லை. வீட்டுக்குள் சில மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். உப்பினாலோ, இனிப்பான கரைப்பான் வாசனை வந்தாலோ, தானாகச் சூடேறினாலோ கிட்டே போகாமல் எல்லோரும் வெளியே வந்து 101-ஐக் கூப்பிடுங்கள்.

"சார்ஜர்ல லைட்டே வரல"

வேறு ஒரு விளக்கைச் சொருகிச் சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறதா பாருங்கள். சார்ஜர் பியூஸ், கிளிப்பில் வயர் அறுந்திருப்பது, இரண்டையும் பாருங்கள். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் தானியங்கி சார்ஜர் அதைப் பேட்டரி என்றே அடையாளம் காணாது. கடையில் முதல் ஒரு மணி நேரம் ஏற்றிக் கொடுப்பார்கள். இன்னொரு பேட்டரியிலிருந்து வீட்டில் வயர் இழுத்து எழுப்ப வேண்டாம்.

"லைட்டெல்லாம் மங்கி மங்கி எரியுது, சார்ஜர் உறுமுது"

மங்குவது மட்டும் என்றால் லோ வோல்டேஜ். பழைய இரும்புப் பெட்டி சார்ஜரை அணைத்து வைத்துவிட்டு, சீரானதும் போடுங்கள். இடி இடிக்கும்போதும் அப்படியே. பிளக்கை உருவி வைப்பதுதான் காப்பு.

ஆனால் சில விளக்கு மங்கி, சில விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்தால் அது வேறு. காற்றிலோ மரம் விழுந்தோ வெளியே நியூட்ரல் அறுந்திருக்கிறது. வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் வரலாம். சார்ஜரை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு நிற்காமல் மெயினை இறக்குங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987-இல் சொல்லுங்கள். கம்பத்தில் நீங்களோ தெரிந்த பையனோ ஏற வேண்டாம். லைன்மேன் வந்து நியூட்ரலைக் கட்டி, மீட்டர் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மெயின் கீழேயே இருக்கட்டும்.